பூசை போட்ட கம்ப்யூட்டர்

நான் ஓய்வு பெற்ற பிறகும் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த பிள்ளைகள் நீங்கள் தேடி வந்து கேட்கும் கேள்வி ஒன்றுதான். "சார், விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாறலாமா, வேண்டாமா?" நானும் ஒவ்வொரு முறையும் "முதல்ல டீ சாப்பிடுங்க" என்று பேச்சை மாற்றிவிடுகிறேன். பதில் தெரியாமல் இல்லை. பதில் சொன்னால் கோதண்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோதண்டத்தைப் பற்றிச் சொன்னால், ஒரு காலத்தில் நான் எவ்வளவு பெரிய முட்டாளாக இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். சர்வீஸில் இருந்தவரை அதற்குத் தைரியம் வரவில்லை. இப்போது கிராஜுவிட்டி பத்திரமாகக் கைக்கு வந்துவிட்டது. சொல்லலாம்.

இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் நடந்தது. சென்னைக்கு வெளியே ஒரகடத்தில் இன்று நீங்கள் பார்க்கும் மேம்பாலமும் ஆறு வழிச் சாலையும் அப்போது கிடையாது. எங்கள் கம்பெனி காருக்கு ரப்பர் பட்டை செய்து கொடுத்தது. கதவைச் சாத்தும்போது தண்ணீரும் தூசும் உள்ளே போகாமல் ஓரத்தில் ஒட்டியிருக்குமே, அதுதான். ஒரே ஒரு கார் கம்பெனிதான் வாடிக்கையாளர். அவர்கள் சரக்கை வாங்கிக் குடோனில் அடுக்கி வைக்க மாட்டார்கள். இரண்டு, மூன்று மணி நேரத்துக்குத் தேவையானது மட்டும் லாரியில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். லாரி போகாவிட்டால் அவர்கள் லைன் நிற்கும். லைன் நின்றால் எங்கள் எம்.டி. நேரில் போய் நிற்க வேண்டும். உட்காரச் சொல்ல மாட்டார்கள் என்று கேள்வி.

சிஸ்டம்ஸ் டிபார்ட்மென்ட் என்றால் நான், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு சிடி. நாற்பத்திரண்டு கம்ப்யூட்டரிலும் விண்டோஸ் ஏறியது அந்த ஒரே சிடியிலிருந்துதான். அதன் மேல் யாரோ ஸ்கெட்ச் பேனாவில் 'ஒரிஜினல்' என்று எழுதியிருந்தார்கள். எழுத வேண்டிய அவசியம் ஏன் வந்தது என்று நான் யோசித்ததில்லை.

ஒரே மாதத்தில் இரண்டு காரியம் நடந்தது. எத்தனை கம்ப்யூட்டருக்கு லைசென்ஸ் வைத்திருக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டு விண்டோஸ் கம்பெனியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அடுத்த வாரமே வைரஸ் வந்தது. அறுபது நொடி எண்ணிவிட்டுக் கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடும். மறுபடி போட்டால் மறுபடி எண்ணும். எம்.டி. என்னைக் கூப்பிட்டார். அவர் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் டீ சொல்வார், அவ்வளவுதான். அன்றைக்கு டீ சொல்லியிருந்தார்.

"நாப்பத்திரண்டு கம்ப்யூட்டர், ஒரு சிடி. அப்படித்தானே?"

"ஆமா சார்."

"லினக்ஸ் லினக்ஸ்னு சொல்லிக்கிட்டிருப்பீங்களே, அது ஃப்ரீயா?"

"ஃப்ரீதான் சார்."

"ஃப்ரீயா வர்றதை நான் நம்பறதில்ல. நீங்க நம்பறீங்க போல. மாறலாமா வேண்டாமான்னு ஒரே பக்கத்துல எழுதிக் குடுங்க. முடிவு உங்களது."

மாறலாம் என்று எழுதிக் கொடுத்தேன். லைசென்ஸ், வைரஸ், பாதுகாப்பு என்று காரணங்களை அடுக்கினேன். எல்லாமே உண்மை. எழுதாத காரணம் ஒன்று உண்டு. எனக்கு ஆசையாக இருந்தது. கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடியை இரண்டு வருடமாக வீட்டில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டு வயதில் ஒரு மனுஷனுக்கு வேறு என்ன ஆசை இருந்துவிடப் போகிறது?

எம்.டி. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு இன்னொரு வேலை கொடுத்தார். ஸ்டோர்ஸிலும் டெஸ்பாட்சிலும் கம்ப்யூட்டரில் உட்காருகிற ஆறு பேர் கான்ட்ராக்டில் இருந்தார்கள். மூன்று வருடம் முடிகிறது. இந்த மாதக் கடைசியில் நிரந்தரம் செய்ய வேண்டும், அல்லது கேட் பாஸைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். "புது சிஸ்டத்துல தேறமாட்டாங்கன்னு உங்களுக்குத் தோணறவங்க பேரை மட்டும் எழுதிக் குடுங்க, போதும்" என்றார். கம்ப்யூட்டரைப் பற்றி முடிவெடுக்கச் சொன்னால் அதற்குள் மனிதர்களும் வந்துவிடுவார்கள். இதை யாரும் உங்களுக்குப் பாடத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கான்டீனில் நான்கு கம்ப்யூட்டரைப் போட்டு வகுப்பு எடுத்தேன். ஐந்து பேர் ஆர்வமாகக் கற்றுக்கொண்டார்கள். ஆறாவது ஆள் கோதண்டம்.

பக்கத்துக் கிராமம், பிள்ளைப்பாக்கத்துக்காரர். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவர் பயிர் வைத்த நிலம் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. லாரியில் மூட்டை ஏற்றும் வேலைக்கு வந்தவர், லேபிள் அடிக்கிற ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்ட ஒரு நாளில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவே இல்லை. பட்டை அடுக்கிய ஒவ்வொரு ட்ரேயிலும் பார்ட் நம்பரோடு ஒரு பார்கோடு லேபிள் ஒட்ட வேண்டும். அதை அடிப்பதுதான் வேலை. இங்கிலீஷ் அவருக்குப் பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத்தான் தெரியும். மூன்று வருடத்தில் ஒரு லேபிள் தப்பாகப் போனதில்லை. வகுப்பில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏன் கோதண்டம், மவுஸைத் தொடவே மாட்டேங்கறீங்க?"

"என் மிஷினு அங்க டெஸ்பாட்சுல கீது சார். இதுல எனக்கு இன்னா வேல?"

மூன்று வகுப்பிலும் இதே பதில். லிஸ்டில் ஒரே ஒரு பெயரை எழுதி எம்.டி.யிடம் கொடுத்தேன். எழுதும்போது கை நடுங்கியது, மனசு கேட்கவில்லை என்றெல்லாம் சொல்ல ஆசைதான். அப்படி ஒன்றும் ஆகவில்லை. எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன். அன்று கான்டீனில் வத்தக்குழம்பு.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்பத்தொரு கம்ப்யூட்டரை மாற்றி முடித்தேன். மிச்சம் கோதண்டத்தின் லேபிள் கம்ப்யூட்டர். அதுதான் சிக்கல். அது ஞாயிறு தீபாவளி பார்க்காமல் மூன்று ஷிப்டும் ஓடும். காலண்டரைப் புரட்டிப் பார்த்தேன். வருடத்தில் ஒரே ஒரு நாள் அது ஓயும். ஆயுத பூஜை. திட்டத்தில் அந்தத் தேதிக்கு நேராக 'ஷட்டவுன்' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். ஊரே ஆயுதத்தைக் கீழே வைத்துக் கும்பிடுகிற நாளில் அதைப் பிரித்துப் போடலாம் என்று திட்டம் போட்ட ஒரே ஆள் இந்த வட்டாரத்தில் நானாகத்தான் இருப்பேன். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பூஜை அன்று ஒன்பது மணிக்கு சிடியோடு டெஸ்பாட்சுக்குப் போனேன். வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தது. பூசணிக்காய் உடைத்தாகிவிட்டது. மானிட்டரில் மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமம். மவுஸுக்கும் ஒரு பொட்டு. சிபியுவுக்குச் சாமந்தி மாலை. கீபோர்டு மேல் வாழையிலையில் பொரியும் கடலையும். கோதண்டம் வெள்ளை வேட்டியில் நின்று, வல்லக்கோட்டை முருகன் கோயில் விபூதியை எனக்கும் நீட்டினார். பூசிக்கொண்டேன்.

"ஒரு மூணு மணி நேரம் கோதண்டம். மாலையை எடுத்துட்டு உக்காந்தேன்னா..."

"எடுக்கக் கூடாது சார்."

"மாலைதானே?"

"பூசை போட்டாச்சு சார். சாமி கும்பிட்டுட்டு அத்தோட வயித்தக் கிழிக்கறதா? நாளைக்குக் காலைல அதுலயே போணி பண்ணி எடுக்கணும். அப்பறம் இன்னா வேணா பண்ணிக்கங்க."

"இது கம்ப்யூட்டருங்க."

"அங்க லேத்துக்கும்தான் பூசை போட்டுக்கினு இருக்காங்க. அவுங்களாண்ட போயி இது லேத்துன்னு சொல்லுவீங்களா?"

ஆதரவு தேடிச் சுற்றிலும் பார்த்தேன். புரொடக்‌ஷன் மேனேஜர், பி.இ. படித்தவர், பொரி மென்றுகொண்டிருந்தார். "அவர் சொல்றது சரிதானே?" என்றார்.

எனக்கு எரிச்சல் வந்தது. ஸ்பேரில் இருந்த ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து பக்கத்து மேஜையில் வைத்து லினக்ஸ் ஏற்றினேன். பார்ட் நம்பர் பட்டியலைப் புதிய மென்பொருளுக்கு மாற்றினேன். இன்னொரு பிரிண்டரை மாட்டினேன். நாலு பேர் முன்னால் கோதண்டத்திடம் சொன்னேன்: "நாளைக்கு முதல் ஷிப்டுலேர்ந்து இதுலதான் அடிக்கணும். பழசை ஆன் பண்ணவே கூடாது." அவர் தலையை ஆட்டினார். தலையாட்டினால் காதில் விழுந்தது என்று மட்டும்தான் பொருள், செய்வதாகப் பொருள் இல்லை. அது பின்னால்தான் தெரிந்தது.

கோதண்டத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. தினமும் அடிக்கிற முதல் லேபிளை ட்ரேயில் ஒட்ட மாட்டார். ஸ்கேன் பண்ணிப் பார்த்துவிட்டு, சுவரில் தொங்கும் அட்டையில் நேற்றைய லேபிள் மேலேயே ஒட்டுவார். அதற்குப் பெயர் போணி. மூன்று வருடப் போணி சேர்ந்து அட்டை செங்கல் தடிமனாகியிருந்தது. மறுநாள் காலை ஆறரைக்கு நான் போனபோது அட்டையில் சந்தனப் பொட்டோடு புது லேபிள் இருந்தது. பழைய கம்ப்யூட்டரில் போணி ஆகிவிட்டது. கண்டும் காணாதது போல் இருந்துவிட்டேன். நானே லினக்ஸில் உட்கார்ந்து அன்றைய லேபிள்களை அடித்தேன். முதல் லேபிளைக் கோதண்டம் வாங்கிப் போய் அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"சார், இது கொஞ்சம் குட்டையா கீது."

"எழுத்து மாடல் வேற, அதான்."

"கோடும் குட்டையா கீதே."

ஸ்கேனரை எடுத்து லேபிளில் காட்டினேன். பீப் என்றது. "கேட்டுச்சா?" என்றேன்.

"கேட்டுச்சு சார்" என்றார். ஒட்டப் போய்விட்டார்.

ஏழு மணிக்கு அறுபத்து நான்கு ட்ரேயோடு லாரி கிளம்பியது. எட்டு பத்துக்கு கார் கம்பெனி கேட்டிலிருந்து போன். ரிசீவிங்கில் இருந்தவர் சாவதானமாகச் சொன்னார்: "சார், உங்க ட்ரேல இருக்கற பார்ட் நம்பர் எங்க சிஸ்டத்துலயே இல்ல. லாரியை வெளியவே நிறுத்தியிருக்கோம். உள்ள ஸ்டாக்கு பத்து மணி வரைக்கும்தான் வரும்."

நான் செய்ததைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் நீங்களும் இதையேதான் செய்வீர்கள். லினக்ஸ் முன்னால் உட்கார்ந்து எங்கே பிழை என்று தேடினேன். பிரிண்டர் செட்டிங்கைப் பார்த்தேன், பார்கோடு வகையைப் பார்த்தேன், மறுபடி பிரிண்டரைப் பார்த்தேன். வெளியே லாரி நிற்கிறது, உள்ளே ஸ்டாக் கரைகிறது. என் மனசிலோ லாரியும் இல்லை, ட்ரேயும் இல்லை. எழுதிக் கொடுத்த அந்த ஒரு பக்கம் தப்பாகிவிடக் கூடாது. அது மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. இருபத்தைந்து நிமிடம் இப்படிப் போனது.

அப்போதுதான் பிரிண்டர் சத்தம் கேட்டது. என்னுடைய பிரிண்டர் சும்மா இருந்தது. திரும்பிப் பார்த்தால், பழைய கம்ப்யூட்டர் முன்னால் கோதண்டம். வாடிய மாலை இன்னும் அதன் கழுத்தில் கிடந்தது. லேபிள் சுருள் தரைவரை இறங்கியிருந்தது.

"அறுபத்தி நாலு ஆச்சு சார். என் மொபெட்டு வாசல்ல நிக்குது. வரீங்களா?"

அவருடைய மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து பதினாறு கிலோமீட்டர் போனேன். லேபிள் சுருளை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். கேட்டுக்கு வெளியே லாரியின் பின்கதவைத் திறந்து, நான் பழைய லேபிளைப் பிய்க்கப் பிய்க்க அவர் புதியதை ஒட்டிக்கொண்டே வந்தார். பத்தாவது ட்ரேயிலோ என்னவோ, நான் பிய்த்த லேபிளை வாங்கிப் பார்த்தார்.

"இங்க மொதல்ல ஒரு சைபர் வரணும் சார். இல்ல பாருங்க. அதான் குட்டையா கீது."

அன்றைக்கு லாரியில் போன மாடலின் பார்ட் நம்பர் சைபரில் தொடங்கும். பட்டியலை நான் மாற்றியபோது புது மென்பொருள் அதைச் சாதாரண எண் என்று எடுத்துக்கொண்டு முன்னால் இருந்த சைபரைத் தள்ளிவிட்டது. நான் சோதித்துப் பார்த்ததெல்லாம் வேறு எண்ணில் தொடங்கும் பார்ட்டுகள். பீப் என்றால் படிக்க முடிகிறது என்று அர்த்தம். சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. இது எனக்குத் தெரியாத விஷயமா? கோதண்டத்துக்குப் பதில் சொல்லும் அவசரத்தில் மறந்துவிட்டது.

ஒன்பதே முக்காலுக்கு லாரி உள்ளே போனது. லைன் நிற்கவில்லை. கோதண்டம் எதிர்க்கடையில் எனக்கும் ஒரு டீ வாங்கித் தந்தார். "அப்பவே சொன்னனே" என்று ஒரு தடவை சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சொல்லவில்லை. பாதி டீயிலேயே கிளாஸை வைத்துவிட்டேன், அவ்வளவு வெட்கமாக இருந்தது.

மத்தியானம் எம்.டி. கூப்பிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் புரொடக்‌ஷன் மேனேஜர் முந்திக்கொண்டார். "நல்லவேளை சார், இவர் முன்ஜாக்கிரதையா பழைய மிஷினை எடுக்காம வெச்சிருந்தார்." நல்ல மனசோடுதான் சொன்னார். எம்.டி. என்னைப் பார்த்து, "குட் ஜட்ஜ்மென்ட்" என்றார்.

நான் "தேங்க் யூ சார்" என்றேன்.

சைபரை விட்டதைக்கூட மன்னித்துவிடலாம். என் சர்வீஸில் நான் செய்த உண்மையான தப்பு இந்த மூன்று வார்த்தைதான். கம்பெனி பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் கோதண்டம் என் உத்தரவை மீறியதும் வெளியே வரும், அவருக்குத்தான் ஆபத்து, ஆகவே அவர் நன்மைக்காகவே வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று. பஸ் படப்பையைத் தாண்டும் வரைக்கும் இது நன்றாகவே வேலை செய்தது. அதற்குப் பிறகு லிஸ்ட் ஞாபகம் வந்தது. அது எம்.டி. மேஜையில் இருக்கிறது. மாதம் முடிய நான்கு நாள். அவர் பெயர், என் கையெழுத்து.

மறுநாள் காலை முதல் வேலையாக எம்.டி. அறைக்குப் போனேன்.

"சார், நேத்து நீங்க சொன்னதுக்குத் தேங்க் யூ சொன்னேன். அது எனக்குச் சேர வேண்டியதில்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். மாலை, போணி, குட்டை லேபிள், இருபத்தைந்து நிமிடம், எதையும் விடவில்லை. எம்.டி. பெல்லை அடித்து டீ சொன்னார். டீ வந்தது. குடித்து முடித்தார்.

"நீங்க சொன்னதை அவர் கேக்கல."

"கேக்கல சார்."

"அவர் சொன்னதை நீங்க கேக்கல."

"கேக்கல சார்."

"யார் கேக்காததால லாரி உள்ள போச்சு?"

எம்.டி. டிராயரிலிருந்து லிஸ்டை எடுத்து என் முன்னால் வைத்தார். "தேறமாட்டார்னு ஒரு பேர் எழுதியிருக்கீங்க. தப்பா இருந்தா அடிச்சிட்டுச் சரியான பேரை எழுதுங்க. காலியா குடுக்காதீங்க. ஃபைல்ல காலிப் பேப்பர் இருந்தா ஆடிட்ல கேள்வி கேப்பாங்க."

கோதண்டத்தின் பெயரை அடித்தேன். அதன் கீழே என் பெயரை எழுதினேன். எம்.டி. வாங்கிப் படித்துப் பார்த்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டு, ஹெச்.ஆருக்கு அனுப்பிவிட்டார். மாதக் கடைசியில் ஆறு பேரும் நிரந்தரமானார்கள்.

ஹெச்.ஆரில் எதையும் முறைப்படி செய்வார்கள். லிஸ்டில் பெயர் இருப்பவருக்கு ஆறு மணி நேரம் மறுபயிற்சி கொடுக்க வேண்டும் என்பது விதி. எனக்கு மெமோ வந்தது. பயிற்சி கொடுப்பவர் என்ற இடத்திலும் என் பெயர்தான் இருந்தது. கற்றுக்கொள்பவராக ஒரு கையெழுத்தும் கற்றுத்தருபவராக ஒரு கையெழுத்தும் போட்டேன். அந்த ஆறு மணி நேரத்தை டெஸ்பாட்சில், கோதண்டத்தின் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கழித்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். அவர் திரையைப் படிப்பதே இல்லை. "மேலேர்ந்து மூணாவது. அப்பறம் வலப்பக்கம் ரெண்டு. அப்பறம் பெரிய பட்டன்" என்று எண்ணிக்கொண்டே போவார். வகுப்பில் அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததன் காரணமும் விளங்கியது. நான் காட்டிய லினக்ஸ் திரையில் மேலேர்ந்து மூன்றாவது இடத்தில் குப்பைத்தொட்டி இருந்தது. அதை நகர்த்திவைக்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. அவரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை, என்னிடம் சொல்ல அவருக்குக் கூச்சம்.

நாற்பத்தொரு கம்ப்யூட்டர் லினக்ஸிலேயே ஓடியது. கோதண்டத்தின் கம்ப்யூட்டருக்கு மட்டும் விண்டோஸுக்கு முறையாக லைசென்ஸ் வாங்கினோம். அதன் சிடியில் யாரும் எதுவும் எழுதவில்லை. ஸ்பேர் லினக்ஸில் சைபரைச் சரிசெய்து, எல்லாவற்றையும் அவர் எண்ணுகிற வரிசைப்படி அடுக்கிவைத்தேன். அவ்வப்போது அதில் உட்கார்ந்து பார்ப்பார். மாறுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த வருடம், ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலை பத்து மணிக்கு என் மேஜைக்கு போன் வந்தது.

"சார், நாளைக்குப் பூசை. மாத்தறதுன்னா இன்னிக்கே வந்து மாத்திடுங்க. பூசை போட்டப்பறம் தொடவுட மாட்டன்."

"இன்னிக்கு மூணு ஷிப்டும் ஓடுதே கோதண்டம். லேபிளுக்கு என்ன பண்றது?"

"சாயங்காலம் வரைக்கும் வேண்டியத நேத்தே அடிச்சி வெச்சிட்டன். மிஷினு சும்மாதான் கீது."

வருடத்தில் ஒரு நாள்தான் ஓயும் என்று நான் காலண்டரைப் புரட்டிக் கண்டுபிடித்த மிஷின். எந்த நாளிலும் அரை நாள் ஓய வைக்கலாம் என்பது அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். மாறலாமா வேண்டாமா என்று நீங்கள் என்னைக் கேட்கிறீர்கள். என்னிடம் கேட்டு என்ன பிரயோஜனம்?

மூன்று மணி நேரத்தில் மாற்றி முடித்தேன். கோதண்டம் உட்கார்ந்து, மேலேர்ந்து மூணாவது என்று எண்ணி, ஒரு லேபிள் அடித்தார். ஸ்கேனர் பீப் என்றது. அதை அவர் சட்டை செய்யவில்லை. லேபிளை எடுத்துப் போய் அட்டையில் இருந்த லேபிளோடு வைத்து, இந்த ஓரம், அந்த ஓரம், சைபர், எல்லாம் பார்த்தார். நான் பரீட்சை எழுதிய பையன் மாதிரி பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"சரியா கீது" என்று ஒட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "நாளைக்குச் சீக்கிரம் வந்துடுங்க சார். மாலைய நீங்கதான் போடணும்" என்றார்.